நெல்லைச் சீமையில் இசையும் கலையும் தேடி வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்வா வாங்கவும் குற்றாலத்தில் குளிக்கவும் வருகிறவர்களில் சிலர் இப்போது வேறு கேள்விகளும் கேட்கிறார்கள். பாட்டு கேட்க எங்கே போவது, கைவேலை பார்க்க எந்த ஊரில் இறங்குவது என்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்கான பதில்கள் இவை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று இன்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும் பாட்டும் கூத்தும் அந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. அதனால் பழைய நெல்லைச் சீமை முழுவதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

நெல்லை டவுனிலிருந்து தொடங்குங்கள். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரதவீதிகளும், அவற்றிலிருந்து பிரியும் சன்னதித் தெருக்களும், சிறு முடுக்குகளும் சேர்ந்ததுதான் இந்தச் சீமையின் பழைய கலைப்பகுதி. ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் ஈரடுக்கு மேம்பாலத்தையும் ஆர்ச்சையும் தாண்டிக் கோயில் அருகில் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆனால் எந்த இடம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த நேரம் என்று கேளுங்கள். இந்த ஊரில் பாதிக் கலைகள் கடிகாரத்தையும் பஞ்சாங்கத்தையும் பார்த்து நடக்கிறவை. காலை பதினொரு மணிக்கு ரதவீதியில் வந்து இறங்கினால் ஜவுளிக்கடைக் கூட்டமும் ஹார்ன் சத்தமும்தான் மிஞ்சும். அதே வீதியில் காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள், பூக்கடைகளில் மாலை கட்டிக்கொண்டிருப்பார்கள், கோயிலுக்குள்ளிருந்து மேளச் சத்தம் வரும். வாகையடி முக்கில் தொடங்கி நான்கு வீதிகளையும் ஒரு சுற்று நடந்துவிட்டுக் கோயிலுக்குள் போவது நல்லது. சுற்றி வரும்போது நிலையில் நிற்கும் பெரிய தேரின் அடித்தட்டை நின்று பாருங்கள். அதில் உள்ள மரச்சிற்பங்களைத் தேரோட்டத்தன்று கூட்டத்தில் பார்க்க முடியாது.

நண்பகலுக்கு மேல் நடை சாத்திவிடுவார்கள், மாலை நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். மதியத்தில் வந்து மூடிய கதவைப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று போகிறவர்கள் நிறையப் பேர். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்கலாமா?

தட்டாதீர்கள். இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

மணி மண்டபத்தில் இருக்கிற அந்தத் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கியவை. நடுவில் ஒரு பெருந்தூண், அதைச் சூழ்ந்து மெல்லிய சிறுதூண்கள். மேலும் கீழும் ஒரே கல்லோடு சேர்ந்திருக்க, இடையில் மட்டும் தனித்தனியாக நிற்கும்படி குடைந்திருக்கிறார்கள். சிறுதூண்களின் தடிமனும் வடிவமும் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் ஒலியும் மாறுகிறது. இதைக் கட்டியவன் ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் என்பது கோயில் வழிவழியாகச் சொல்லும் வரலாறு.

நாணயத்தாலும் சாவியாலும் தட்டித் தட்டிப் பல தலைமுறைகளாகப் பட்ட அடி அந்தக் கல்லில் தெரிகிறது. தூணுக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை அதன் உயரத்துக்குக் கொண்டுவந்து, சிறுதூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விரல்கூட நுழையாத இடங்களில்கூட உளி போய் வந்திருக்கிறது. ஒரு தூண் சிற்பியின் கையில் உடைந்திருந்தால் முழுக் கல்லும் வீணாகியிருக்கும். அந்த வேலையைப் பார்ப்பதற்கு ஒலி வேண்டியதில்லை. யாராவது "நான் தட்டிக் காட்டுகிறேன், நூறு ரூபாய் கொடுங்கள்" என்று வந்தால் மறுத்துவிடுங்கள்.

அப்படியானால் கோயிலுக்குள் காதால் கேட்க என்ன இருக்கிறது?

நிறைய. பூசை வேளைகளில் ஓதுவார் தேவாரம் பாடுவார். சம்பந்தர் இந்தத் தலத்துக்கே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். தீபாராதனை மணி அடங்கியபின், கூட்டம் திருநீறு வாங்க நகர்கிற அந்தச் சிறு இடைவேளையில் ஓதுவார் தனிக்குரலில் பாடுவதைக் கேட்க வேண்டும். மைக் இல்லாமல், பக்கவாத்தியம் இல்லாமல், கல் மண்டபமே குரலைத் தாங்கிக்கொள்ளும். தரிசனம் முடிந்த கையோடு ஓடிவிடாமல் பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள்.

காந்திமதி அம்மன் பேரில் முத்துசாமி தீட்சிதர் ஹேமவதி ராகத்தில் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். கச்சேரிகளில் அதைக் கேட்டுப் பழகியவர்கள் அம்மன் சன்னதிக்குப் போய் நின்றால் வேறு நெருக்கம் வரும். சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது. அதன் வழியாக நடந்தே அம்மன் சன்னதிக்குப் போங்கள்.

நடராசரின் ஐந்து சபைகளில் தாமிர சபை இங்கேதான் இருக்கிறது. அதன் மரவேலைப்பாட்டை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். மார்கழித் திருவாதிரையில் விடியற்காலையில் வந்தால் தாமிர சபையைக் கொண்டாட்டத்தோடு பார்க்கலாம்.

டவுனில் இலக்கியத் தொடர்புள்ள இடம் ஏதாவது?

ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியில்தான் பாரதி படித்தார். பள்ளி இன்றும் நடக்கிறது, அதனால் வகுப்பு நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யாமல் அனுமதி கேட்டுப் போங்கள். பாரதி மேல் பற்றுள்ளவர்கள் தென்காசிப் பக்கம் கடையத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அது அவர் மனைவி செல்லம்மாளின் ஊர்.

நாதஸ்வரத்துக்குக் காருக்குறிச்சி என்கிறார்கள். அங்கே போனால் என்ன பார்க்கலாம்?

காருக்குறிச்சி அருணாசலம் 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்தார். நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்றவர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போடுகிற அந்த நாதஸ்வரம் இவருடையது. தமிழ்நாட்டில் அதைக் கேட்காத காது இருக்காது. நாதஸ்வரம் என்றால் தஞ்சாவூர் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் தாமிரபரணிக் கரையிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார் என்பதில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பெருமை உண்டு. எனக்கும் உண்டு.

ஊருக்குப் போனால் அவரைப் பற்றிப் பெரிய காட்சிக்கூடம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வயலும் வாய்க்காலும் உள்ள சிற்றூர் அது. போகும் முன் அவருடைய ஆலாபனைப் பதிவு ஒன்றை முழுதாகக் கேட்டுவிட்டுப் போங்கள். ஊரில் இன்னொரு கலை கண்ணெதிரே நடக்கிறது, மண்பாண்டம். குளத்து மண்ணை மிதித்துப் பதப்படுத்தி, சக்கரத்தில் ஏற்றி, தட்டிப் பெரிதாக்கிச் சூளையில் வைப்பார்கள். தைப்பொங்கலுக்கு முந்தின வாரங்களில் வேலை மும்முரமாக இருக்கும். பார்க்க வேண்டும் என்றால் அப்போது போங்கள். பேச வேண்டும் என்றால் அப்போது போகாதீர்கள், அவர்களுக்கு நேரம் இருக்காது.

எட்டயபுரம் அவசியமா? வழிக்கு வெகு தூரம் போல இருக்கிறதே?

கர்நாடக இசையில் ஆர்வம் இருந்தால் அவசியம். முத்துசாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில்தான் மறைந்தார். அவருடைய சமாதி அங்கே இருக்கிறது. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்துவான். மேல்நாட்டு வயலினை நம் இசைக்குப் பழக்கியவர்களில் முன்னோடி. அந்தக் குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர் தொகுத்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சானது. தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு பாடுகிறவர்கள் இன்றும் திரும்பிப் போய்ப் பார்க்கிற நூல் அது. ஒரு சிறு ஜமீன் ஊரில் அப்படி ஒரு வேலை நடந்து முடிந்திருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே ஏறக்குறைய அரை மணி நேர பஸ் பயணம்தான். பாரதி பிறந்த வீடும் உமறுப் புலவர் அடக்கமான இடமும் அதே ஊரில் இருப்பதால் ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலை இருக்கிறது. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாண்டியர் தொடங்கி முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலையும், அதே பாறையில் உள்ள சமணச் சிற்பங்களையும் காலை வெயில் ஏறுவதற்குள் பாருங்கள். அடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி மேல்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் காவடி தூக்கி வருகிறவர்களின் கால் அசைவோடு சேர்த்துக் கேட்டால்தான் அந்தச் சந்தம் ஏன் அப்படித் துள்ளுகிறது என்று விளங்கும்.

வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் எங்கே பார்க்கலாம்? டிக்கெட் உண்டா?

டிக்கெட் கிடையாது, அரங்கமும் கிடையாது. இவை கொடை விழாவில் நடப்பவை. கொடை என்பது சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் போன்ற தெய்வங்களுக்கு ஊரார் வரி பிரித்து நடத்தும் திருவிழா. பங்குனி, சித்திரையிலும் ஆடி, ஆவணியிலும் அதிகம். சாமியின் கதையைச் சாமிக்கு முன்னால் பாடுவதற்காகத்தான் கலைஞர்களை அழைக்கிறார்கள். நாம் உடனிருந்து கேட்கிறோம், அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், நெல்லையிலிருந்து எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் ஊர் முகப்புச் சுவரில் கொடை நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அதை இறங்கி நின்று படியுங்கள். சாமியை அழைக்கும் குடி அழைப்பு எப்போது, மதியக் கொடை எப்போது, நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை எப்போது, வில்லிசை யார், கணியான் கூத்து எந்த ஊர்க் குழு என்று எல்லாம் நேரத்தோடு போட்டிருக்கும். டீக்கடையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

வில்லுப்பாட்டில் வில்லின் நடுவே மண்குடத்தைக் கட்டி வைத்திருப்பார்கள். வில்லில் தொங்கும் மணிகள் வீசுகோல் படும்போதெல்லாம் சேர்ந்து ஒலிக்கும். குடத்தின் வாயில் ஒருவர் பத்தி என்கிற மட்டையால் அடிப்பார். உடுக்கு, ஜால்ரா, கட்டை என்று மற்றவை சேரும். தலைமைப் பாடகர் கதையை நகர்த்துவார், எதிரே இருப்பவர் "ஆமா" போட்டுக் கதையைத் தூக்கிப் பிடிப்பார். அந்த "ஆமா" சரியான இடத்தில் விழுகிறதா என்று கவனியுங்கள். நல்ல குழுவுக்கும் சாதாரணக் குழுவுக்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

முத்துப்பட்டன் கதை கிடைத்தால் தவறவிடாதீர்கள். சாதியை விட்டிறங்கி, செருப்புத் தைக்கும் குலத்துச் சகோதரிகளான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாட்டு மந்தையைக் காக்கப் போராடிச் செத்த அந்தணனின் கதை அது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் அவனுக்குச் சன்னதி உண்டு. பக்தர்கள் அங்கே செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும். அது புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வாகனக் கட்டுப்பாடுகளை முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள்.

கணியான் கூத்து இன்னும் அபூர்வமானது. கணியான் சமூகத்தார் மட்டும் ஆடிப் பாடுவது. அண்ணாவி கதை பாடுவார், பெண் வேடமிட்ட ஆண்கள் இருவர் ஆடுவார்கள், மகுடம் என்கிற வட்டத்தோல் கருவி இரண்டு முழங்கும். கூத்து தொடங்கும் முன் கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள். மகுடக்காரர் சிறிதாகத் தீ மூட்டித் தோலை அதன்மேல் காட்டுவார். திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டி, காதருகே கொண்டுபோய்க் கேட்டு, மறுபடி காட்டுவார். சுருதி ஏறும்வரை விடமாட்டார். இரண்டு மகுடங்களும் ஒன்றோடொன்று இணங்கிய பிறகுதான் எழுந்து நிற்பார். இரவு பனியில் தோல் தளர்ந்தால் நடுக்கூத்தில் மறுபடியும் தீயிடம் போவார். எனக்கு முழுக் கூத்திலும் மிகவும் பிடித்த இடம் இந்தத் தீயோரம்தான்.

கொடைக்கு வெளியூர்க்காரர் போகலாமா? எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

போகலாம். அழைப்பு வேண்டியதில்லை. ஆனால் போனவுடன் கோயில் பெரியவர் ஒருவரிடம் "நான் இன்ன ஊர், வில்லுப்பாட்டு கேட்க வந்திருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதன் பிறகு உங்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஊரார் உட்கார்ந்த பக்கத்தில் உட்காருங்கள். வரிக்காரர்கள் எழுதும் நோட்டில் இயன்ற காணிக்கை எழுதலாம். கலைஞர்களுக்குத் தனியாகக் கொடுக்க விரும்பினால் கதை ஒரு நிறுத்தத்துக்கு வந்தபின் கொடுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாட்டையும் ஆட்டத்தையும் அனுமதி கேட்டுவிட்டு எடுக்கலாம். சாமி வந்து ஆடுகிறவர்களையும், சாமக்கொடையில் கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கும் கைவெட்டுச் சடங்கையும் எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது தெய்வத்தோடு உள்ள கொடுக்கல் வாங்கல். கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்பது முறையில்லை.

இந்தக் கலைகளைப் பற்றி ஆழமாகப் படிக்க விரும்புகிறவர்கள் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையை அணுகலாம். இந்தச் சீமையின் பாட்டும் கதையும் பதிவானதில் அந்தத் துறைக்குப் பெரிய பங்கு உண்டு.

பத்தமடைப் பாய் எங்கே வாங்குவது? நல்ல பாயை எப்படி அறிவது?

பத்தமடையிலேயே வாங்குங்கள். அம்பாசமுத்திரம் சாலையில் சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் என்பதால் கூட்டமாகப் போய்க் கதவைத் தட்டாமல், ஊரில் உள்ள விற்பனை நிலையத்தில் கேட்டு, அவர்கள் அழைத்துப் போகும் வீட்டுக்குப் போங்கள். குடும்பத்தில் பெண்கள் யாராவது உடன் வந்தால் உள்ளே உட்கார்ந்து பேசுவது எளிது.

எல்லாம் தாமிரபரணிக் கரையில் விளையும் கோரைதான். கோரையை அறுத்துக் காயவைத்து, பிறகு தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, ஊறிப் பருத்ததும் கத்தியால் மெல்லிய கீற்றுகளாகக் கிழிக்கிறார்கள். பாயின் தரம் இந்தக் கிழிப்பில் இருக்கிறது. சாதாரணப் பாய்க்குக் கோரை தடியாக இருந்தால் போதும். பட்டுப்பாய் என்கிற நேர்த்தியான ரகத்துக்கு நூலிழைபோல் கிழித்தாக வேண்டும், பாவும், அதாவது நீளவாக்கில் கட்டும் இழையும், பருத்தி அல்லது பட்டாக இருக்கும். நெய்யும்போது ஒருவர் கோரைக் கீற்றைக் குச்சியில் கோத்துப் பாவுக்குள் செலுத்துவார், மற்றவர் அதை வாங்கி இறுக்குவார். அப்படி ஒரு பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். விலை கேட்டுத் திகைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பேரம் பேச நா எழாது.

நல்ல பட்டுப்பாயை வேட்டி மடிப்பதுபோல் நாலாக மடித்துப் பைக்குள் வைக்கலாம், கோடு விழாது. மடிக்கும்போது நொறுங்கும் ஓசை கேட்டால் அது அந்த ரகம் இல்லை. முகத்தருகே கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். இழைகள் இடைவெளி விடாமல் ஒரே சீராக இருக்க வேண்டும். கல்யாணப் பாய் வேண்டுமென்றால் மணமக்கள் பெயரையும் தேதியையும் சேர்த்தே நெய்து தருவார்கள். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. அந்தப் பெயரைச் சொல்லி வேறு ஊர்களில் விற்கும் மெஷின் பாய்களும் பிளாஸ்டிக் பாய்களும் பத்தமடைப் பாய் ஆகமாட்டா.

அந்தப் பக்கம் வேறு கைவேலைகள்?

வீரவநல்லூரில் தறிச் சேலை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், அதோடு தீட்சிதர் ஆபோகி ராகத்தில் பாடிய லட்சுமிவராகர் கோயில். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான். கடைசல் எந்திரத்தில் மரத்துண்டைச் சுழலவிட்டு, அரக்கு வண்ணக் கட்டியை அதன்மேல் அழுத்தினால் சூட்டில் நிறம் ஏறி மினுங்கும். பிள்ளைகளோடு போனால் அவர்கள் அங்கிருந்து நகரமாட்டார்கள்.

சுவரோவியம் பார்க்க வேண்டும். குற்றாலம் சித்திர சபை போதுமா?

குற்றாலத்துச் சித்திர சபையைக் கண்டிப்பாகப் பாருங்கள். நடராசரே ஓவியமாக இருக்கும் சபை அது. ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் திருப்புடைமருதூரைத்தான் சொல்வேன்.

தாமிரபரணியோடு கடனா ஆறு சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. அதன் ராசகோபுரத்துக்குள்ளே, ஒவ்வொரு நிலையிலும், மரத்தூண்களிலும் விட்டங்களிலும் சிற்பம் நிறைந்திருக்கிறது. சுற்றுச்சுவர் முழுதும் ஓவியம். புராணக் கதைகளுக்கு நடுவே போர்க்களமும் படை அணிவகுப்பும் வருகின்றன, குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலம்கூட இருக்கிறது. நாயக்கர் காலத்து மக்கள் என்ன உடுத்தினார்கள், என்ன ஆயுதம் பிடித்தார்கள் என்று அந்தச் சுவரில் பார்க்கலாம். கோபுரத்துக்குள் எல்லா நேரமும் விடமாட்டார்கள். கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். படிகள் குறுகல், உள்ளே இருட்டு, வௌவால் இருக்கும். சுவரில் கை வைக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், முதுகுப்பை உரசாமல் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறுங்கள். அந்த வண்ணங்கள் உதிர்ந்தால் மறுபடி வரைய ஆள் கிடையாது.

ஊர் மரங்களில் நாரை, கொக்கு என்று பறவைகள் தங்கும். ஊரார் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை.

கிருஷ்ணாபுரம்?

திருச்செந்தூர் சாலையில் பக்கத்தில்தான் இருக்கிறது. வேங்கடாசலபதி கோயில் மண்டபத்துச் சிற்பங்களுக்காக அரை நாள் கொடுக்கலாம். இளவரசியைத் தோளில் தூக்கிப் போகும் குறவனின் விலா எலும்பைப் பாருங்கள், ஓடி மூச்சு வாங்குவது கல்லில் தெரியும்.

அதே சாலையில் ஆழ்வார்திருநகரியும் வருகிறதே, அங்கே இசை உண்டா?

உண்டு. நம்மாழ்வார் ஊர். கோயிலில் கல் நாதஸ்வரம் ஒன்று இருக்கிறது. ஆனால் மார்கழியில் நடக்கும் அரையர் சேவைக்காகத்தான் அங்கே போக வேண்டும். தலையில் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, பொருளும் சொல்வார். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் போல மிகச் சில ஊர்களில் மட்டும் மிஞ்சியிருக்கும் மரபு. வைகாசியில் ஒன்பது பெருமாள்களும் ஒன்பது கருடன்கள்மேல் வரும் கருட சேவையும் அங்கே உண்டு.

எந்த மாதம் வருவது நல்லது?

எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. ரதவீதிகளை உயிரோடு பார்க்க ஆனித் தேரோட்டம், அதாவது ஜூன் அல்லது ஜூலை. தேர் இன்றும் மனிதர்கள் வடம் பிடித்து இழுத்துத்தான் நகர்கிறது. புரட்டாசியில் வந்தால் பாளையங்கோட்டையில் அம்மன் சப்பரங்கள் அணிவகுக்கும் தசராவும், குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு வேடம் கட்டி ஊர் ஊராகப் போகும் தசராக் குழுக்களும் கிடைக்கும். காளி, குறவன், அரசன், குரங்கு என்று விரதமிருந்து வேடமிட்டவர்கள் மேளத்தோடு தெருவில் வருவார்கள், காணிக்கை வாங்கிப் போய்ச் சாமிக்குச் செலுத்துவார்கள். மார்கழி குளிர்ச்சியான மாதம், கோயில் இசைக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் மழையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். சித்திரை வெயில் கடுமையானது, ஆனாலும் கொடைக்காக வருகிறவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

சாப்பாடு?

கீழ ரதவீதியில் மாலையில் மட்டும் திறக்கும் இருட்டுக்கடையில் வரிசையில் நின்று சூடாக ஐம்பது கிராம் அல்வாவை இலையில் வாங்கிச் சாப்பிடுங்கள். ஊருக்கு வாங்கிப் போக மற்ற லாலா கடைகளிலும் நல்ல அல்வா கிடைக்கும். மதியம் சொதி கிடைக்கிற ஓட்டல் இருந்தால் விடாதீர்கள். தேங்காய்ப்பாலில் செய்கிற அந்தக் குழம்புக்கு இஞ்சித் துவையல்தான் துணை.

கார் இல்லாமல் இவ்வளவும் சுற்ற முடியுமா?

முடியும். நெல்லையிலிருந்து செங்கோட்டை போகும் பாசஞ்சர் ரயில் சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று மேலே சொன்ன ஊர்களின் வழியாகவே போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் வயலும் ஜன்னலுக்கு வெளியே வந்துகொண்டே இருக்கும். பத்தமடைக்கும் திருப்புடைமருதூருக்கும் மட்டும் பஸ் அல்லது ஆட்டோ வேண்டும். வீரவநல்லூரில் இறங்கி ஆட்டோ பேசினால் திருப்புடைமருதூருக்குப் போய்க் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ரயில்கள் அடிக்கடி கிடையாது என்பதால் திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இரவுக் கொடை முடிந்து திரும்ப வண்டி கிடைக்குமா?

நள்ளிரவில் கிராமத்திலிருந்து பஸ் கிடைக்காது. சாமக்கொடை முடிய அதிகாலை இரண்டு மூன்று மணி ஆகிவிடும். போகும்போதே ஆட்டோக்காரரிடம் காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள், அல்லது விடியும்வரை அங்கேயே இருந்து முதல் பஸ்ஸில் திரும்புங்கள். ஒரு போர்வையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் மதியக் கொடையோடு சேர்த்துப் பகல் வில்லுப்பாட்டைக் கேட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம், கதை பகலிலும் நன்றாகத்தான் இருக்கும்.